கூலிக்காரனுக்குக் குடும்பம் எதற்கு?

(தொழிலாளரான புனித சூசையப்பர் விழாவையொட்டி வானொலியில் இரண்டு காலைகளில் ஒலிபரப்பான சிந்தனை. பங்கு மக்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே சேர்த்து அச்சிடப்படுகிறது.)



போன மாதம் ஞாயிறு திருப்பலி முடிந்து திருவுடைகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் ஓர் இளைஞர் தயங்கி நின்றார். மேல்மலைக்காரர். வயது 31. நம் ஊர் தங்கும் விடுதி ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்து, சாமான் தூக்கும் வேலை. "ஃபாதர், அம்மா பொண்ணு பாக்கணும்னு நச்சரிக்குது. நீங்க கொஞ்சம் சொல்லுங்க, வேணாம்னு" என்றார். ஏன் என்று கேட்டேன். "படிச்சவன் கட்டுவான், சம்பளக்காரன் கட்டுவான். கூலிக்காரனுக்குக் குடும்பம் எதுக்கு ஃபாதர்? அதெல்லாம் நமக்கு இயற்கையில்லை" என்றார்.

இயற்கையில்லை என்ற சொல் என்னை உறுத்தியது. மனம் நொந்து சொன்னார் என்று விட்டுவிடலாம். ஆனால் இதே சொல்லை நம்மைவிடப் பெரியவர்கள் பலர் சட்டப் புத்தகத்திலும் தோட்டக் கணக்கிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகையால் இந்த மே முதல் நாளில் கொஞ்சம் பழைய கதை பேசலாம் என்று நினைக்கிறேன். 1955இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் இந்த நாளைத் தொழிலாளரான சூசையப்பருக்கு ஒதுக்கினார். சூசையப்பரும் கூலி வாங்கி மனைவி மகனோடு வாழ்ந்தவர்தானே.

முதலில் நம் ஊர். கோடைக்கானல் ஒரு நகரமாக எதற்குப் பிறந்தது தெரியுமா? குடும்பத்துக்காகத்தான். 1821இல் வார்டு என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி இந்த மலையை அளந்துவிட்டுப் போனார். அதன்பின் இங்கே வீடு கட்ட வந்தவர்கள் மதுரையிலிருந்த அமெரிக்க மறைப்பணியாளர்கள். சமவெளிக் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் மனைவி மக்களைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். மிச்சமிருக்கும் உயிர்களைக் காப்பாற்ற 1845இல் 'சன்னிசைடு', 'ஷெல்டன்' என்று இரண்டு பங்களாக்களை எழுப்பினார்கள். பிள்ளைகளைப் படிப்புக்காகக் கப்பலேற்றிப் பிரிய மனமில்லாமல் 1901இல் இங்கேயே ஒரு பள்ளிக்கூடமும் தொடங்கினார்கள். தாய் தகப்பன் பாசம் அது. நான் குறை சொல்லவில்லை.

ஆனால் அவர்கள் எப்படி மேலே வந்தார்கள்? 1875இல் ரயில் அம்மையநாயக்கனூருக்கு வந்தது. அங்கே இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்புக்கு வர வேண்டும். அதற்கு மேல் ஏறக்குறைய 12 மைல் செங்குத்துப் பாதை. குதிரையில் ஏறலாம், நடக்கலாம், இல்லையென்றால் நாற்காலியில் உட்கார்ந்து ஆட்களின் தோளில் வரலாம். துரைசாணி அம்மாக்களும் குழந்தைகளும் பெட்டி படுக்கைகளும் பியானோவும் அப்படித்தான் வந்தன. வண்டிச்சாலை மலைக்கு வந்து சேர முதல் உலகப் போர்க் காலம் ஆகிவிட்டது. அதுவரை அத்தனை குடும்பங்களையும் தூக்கி வந்த தோள்களுக்கும் குடும்பம் இருந்திருக்கும் அல்லவா? அவர்களுடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்களுடைய பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எந்தப் பங்களா?

அதே பாதையில் இன்னொரு கூட்டமும் ஏறியது. 1895இல் செண்பகனூரில் இயேசு சபையார் திரு இருதயக் கல்லூரியைத் திறந்தார்கள். மணம் முடிக்காமல் இறைவனுக்கு வாழ்வைக் கொடுக்க வந்த இளைஞர்கள் அங்கே படித்தார்கள். நானும் அவர்கள் வழியைப் பின்பற்றியவன்தான். அப்படியென்றால் குடும்பமில்லாமல் வாழ்வதும் மனிதனுக்கு முடியும் என்றுதானே பொருள் என்று நீங்கள் கேட்கலாம். அந்த இளைஞரும் கேட்டார். "நீங்களே கட்டலையே ஃபாதர்" என்றார். சுருக்கென்றுதான் இருந்தது.

ஆண்டவர் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். மத்தேயு நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில், மண வாழ்வு இல்லாதவர்களை மூன்றாகப் பிரிக்கிறார். பிறப்பிலேயே அப்படி இருப்பவர்கள் உண்டு. விண்ணரசின் பொருட்டுத் தாங்களே அப்படி ஆனவர்கள் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது: மற்ற மனிதர்களால் அப்படி ஆக்கப்பட்டவர்கள். குருமடத்தில் இந்தப் பகுதியைப் படித்தபோது மூன்றாவது கூட்டத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசினோம். அது எங்களைப் பற்றியது. நடுவில் இருப்பவர்களைப் பற்றி யாரும் நின்று யோசித்ததாக எனக்கு நினைவில்லை. பங்குப் பணிக்கு வந்து இத்தனை வருடத்துக்குப் பிறகு எனக்கு அந்த நடுக் கூட்டம்தான் கண்ணில் படுகிறது.

மனிதரால் ஆக்கப்படுவது எப்படி? நம் பாட்டன் பூட்டன் கதையிலேயே பார்க்கலாம். 1830களிலிருந்து மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து ஆட்கள் இலங்கைக் கோப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். கடலைக் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடை. வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்கள் ஏராளம். அந்தக் காலத்தில் போனவர்களில் பெண்கள் மிகக் குறைவு. கோப்பிப் பழம் பறிப்பது சில மாத வேலை. பழம் முடிந்ததும் ஆள் ஊருக்குத் திரும்பி நெல் அறுப்பான். துரைக்கு வேண்டியது இரண்டு கை, அதுவும் சில மாதத்துக்கு. ஆகவே அந்த நாளில் 'கூலி தனியாகத்தான் வருவான், அதுதான் அவன் இயல்பு' என்று நினைத்துக்கொள்வது துரைக்கு வசதியாக இருந்தது.

1869இல் கோப்பி இலையில் துரு நோய் விழுந்தது. சில ஆண்டுகளில் தோட்டங்கள் அழிந்தன. அந்த இடத்தில் தேயிலை வந்தது. தேயிலையில் கொழுந்து வருடம் முழுக்கத் துளிர்க்கும். பறிக்க வருடம் முழுக்க ஆள் வேண்டும். பெண்களின் கை அதற்கு நல்லது என்று கண்டார்கள். உடனே எல்லாம் தலைகீழாகிவிட்டது! கங்காணிமார் ஊர் ஊராக வந்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு வா என்று முன்பணம் கொடுத்து அழைத்தார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் ஒரு குடும்பம். குழந்தைக்குப் பிள்ளைக்காம்பரா. இப்போது 'குடும்பத்தோடு இருப்பதுதான் கூலியின் இயல்பு' என்று ஆனது. மனிதனின் இயல்பு இருபது வருடத்தில் மாறுமா நேயர்களே? மாறியது பயிர்.

அந்தக் குடும்பத்தையும் சும்மா விடவில்லை. ஒருவன் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் அவன் கடன் இவ்வளவு என்று எழுதிய 'துண்டு' வேண்டும். புதுத் துரை கடனை ஏற்றால்தான் ஆள் நகரலாம். புருஷன் பட்ட கடனில் பெண்டாட்டியும் கட்டுண்டாள். 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. மலைநாட்டின் உயர்ந்த தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று முதலில் நிர்ணயித்தார்கள். பிள்ளைக்குக் கூலி விகிதம் என்று ஒன்று இருக்கிறதென்றால், அந்த வீட்டில் அப்பன் கூலி மட்டும் போதாது என்பது சட்டம் எழுதியவருக்கே தெரிந்திருக்கிறது.

இலங்கைக்குப் போனவன் எப்படியாவது திரும்பி வரலாம். தூர தேசம் போனவனுக்கு அதுவும் இல்லை. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறக்கியது. 100 ஆணுக்கு 40 பெண் என்று பிற்பாடு அரசாங்கம் கணக்கு வகுத்தது. அப்படியானால் மிச்சம் 60 ஆண்? மனிதரால் ஆக்கப்பட்டவர்கள்.

ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்க நினைத்தவர்கள்மேல் நேட்டால் அரசு 1895இல் ஆண்டுக்கு 3 பவுன் வரி போடச் சட்டம் செய்தது. பிறகு அது 16 வயது மகனுக்கும் 13 வயது மகளுக்கும் நீண்டது. அப்பா, அம்மா, வளர்ந்த மகன், மகள் என்றால் 12 பவுன். ஒப்பந்தக் கூலியின் சம்பளமோ மாதம் 10 ஷில்லிங்கில் தொடங்கும். 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுன். கணக்குப் போட்டுப் பாருங்கள், குடும்பமாக இருப்பதற்கு இரண்டு வருடக் கூலி! வீட்டில் தலை கூடக் கூட வரி கூடுகிறது. குடும்பம் வேண்டாம் என்று சட்டம் நேராகச் சொல்லவில்லை. விலை வைத்துச் சொன்னது.

1913 மார்ச்சில் இன்னொன்று. கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவான திருமணமே அந்நாட்டில் செல்லும் என்று பொருள்படத் தீர்ப்பளித்தார். இந்து, இஸ்லாமியத் தொழிலாளர்களின் மனைவியர் ஒரே நாளில் மனைவியர் அல்லாதவர்கள் ஆனார்கள். நம் கோவிலில் ஓலை வாசித்து மணம் முடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் நாம் மகிழ ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுக்காரனின் தாலியை அறுத்துவிட்டு உன் மோதிரம் செல்லும் என்று சொல்லும் சட்டத்தில் நமக்கு என்ன பெருமை? காந்தியடிகளின் போராட்டத்தில் பெண்கள் சிறை புகுந்தது அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை, சிறையில் வாங்கிய காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்தாள். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அந்த ஆண்டே 3 பவுன் வரி போனது. ஒரு மனைவியோடு வாழும் திருமணம் எந்த மதத்து முறைப்படி நடந்தாலும் செல்லும் என்றானது.

திருச்சபை இதில் எங்கே நின்றது என்று கேட்பீர்கள். பழைய ரோமானியச் சட்டத்தில் அடிமைக்குத் திருமணம் கிடையாது. ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் அதற்கு வேறொரு சொல் வைத்திருந்தார்கள். எஜமான் நினைத்தால் ஒருவரை விற்றுவிடலாம். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருத்தந்தையான கலிஸ்துஸ் முன்பு அடிமையாக இருந்தவர். உயர்குலப் பெண் ஒருத்தி அடிமையோடு வாழ்ந்தால் அதையும் மணமாக ஏற்றார். இது அவரைத் திட்டித் தீர்த்த எதிராளி எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது! 12ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை 4ஆம் ஏட்ரியன், எஜமான் சம்மதிக்காவிட்டாலும் அடிமைகளின் மணம் மணமே, அதை யாரும் கலைக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். அதே கடிதத்தில், மணம் முடித்ததால் எஜமானுக்குச் செய்ய வேண்டிய வேலை குறையாது என்றும் எழுதினார். மணத்தைக் கொடுத்தார், விடுதலையைக் கொடுக்கவில்லை. இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. 1563இல் திரிதெந்தின் பொதுச்சங்கம், தன்கீழ் வாழும் மக்களின் மண விருப்பத்தில் பிரபுக்கள் கை வைக்கக்கூடாது என்று கண்டித்தது.

ஆனாலும் 19ஆம் நூற்றாண்டில், கத்தோலிக்கர் நிறைந்த பவேரியாவிலும் ஆஸ்திரியாவின் பல பகுதிகளிலும், சொத்தில்லாத பண்ணையாளும் நாள்கூலியும் கல்யாணம் செய்ய ஊராட்சியின் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. ஏழை பெருகினால் ஊருக்குச் சுமை என்பது காரணம். சீட்டு இல்லாதவர்களுக்கு நம் குருக்களும் மணம் முடித்துவைக்கவில்லை. விளைவு, தகப்பன் பெயர் இல்லாத குழந்தைகள் அந்த ஊர்களில் நிறைந்தார்கள். மணத்தைத்தான் தடுக்க முடிந்தது.

1891 மே 15 அன்று திருத்தந்தை 13ஆம் லியோ (நம் தாத்தாமார் சிங்கராயர் என்பார்கள்) தொழிலாளரைப் பற்றிய சுற்றுமடலை எழுதினார். அதில் அவர் சொன்னதன் சாரம் இது: மணம் முடிக்கும் உரிமை இயற்கையாகவே மனிதனுக்கு உள்ளது, எந்த மனிதச் சட்டமும் அதை எடுக்க முடியாது, குடும்பம் அரசுக்கு முந்தியது. தொழிலாளி தன்னையும் மனைவி மக்களையும் காக்கும் அளவுக்குக் கூலி பெற வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. அந்த உரிமை எல்லாருக்கும் உண்டு, அதைப் பயன்படுத்துவது அவரவர் விருப்பம் என்பதையும் அவர் விடவில்லை. அதனால்தான் அந்த இளைஞரிடம் சொன்னேன்: "தம்பி, நான் கட்டிக்கொள்ளாமல் இருப்பது நானாக எடுத்த முடிவு. என்னை யாரும் விலை பேசித் தடுக்கவில்லை. நீயும் வேண்டாம் என்று நீயாக முடிவெடுத்தால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் இந்த முடிவை உனக்காக யாரோ எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறதே."

குடும்பக் கூலி என்ற அந்த நல்ல எண்ணத்திலும் ஓர் ஓட்டை விழுந்தது. ஆண்தான் குடும்பத்தைக் காக்கிறான், பெண் கூடமாட வருகிறாள் என்று சொல்லியே பெண்ணுக்குக் குறைத்துக் கொடுத்தார்கள். நம் நாட்டில் சம வேலைக்குச் சம ஊதியச் சட்டம் 1976இல் வந்தது. இன்றும் பூண்டு பிடுங்கப் போகும் நம் பங்குத் தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள், ஆண் பெண் கூலி எவ்வளவு என்று. விடியுமுன் எழுந்து சோறாக்கி, காட்டு வேலைக்குப் போய், திரும்பி வந்து மறுபடி அடுப்பு மூட்டுகிறவர்கள் அவர்கள். அவர்களிடம் போய் 'குடும்பம் இயற்கையானது' என்று நான் மேடையில் நின்று சொன்னால் சிரிப்பார்கள். ஆண்களே, வாங்கிய கூலியைக் கடைக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வெறுங்கையோடு போகிறவனின் குடும்பத்தைத் துரை கெடுக்கவில்லை. இதை வானொலியில் சொன்னபோது சிலருக்கு வருத்தமாம். அச்சிலும் இருக்கட்டும்.

தோட்டத் தொழிலாளருக்கு வீடு, பிள்ளைக் காப்பகம், மருத்துவம் தர வேண்டும் என்று 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. நல்ல சட்டம். ஆனால் குறிப்பிட்ட பரப்புக்கும் ஆள் எண்ணிக்கைக்கும் மேற்பட்ட தோட்டங்களுக்குத்தான் அது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் நம் கீழ்மலையில் இருக்கும் காப்பித் தோட்டங்களில் பல சிறியவை. மேல்மலைக் காய்கறிக் காட்டுக்கும் விடுதிக்கும் அது பேசவே இல்லை.

நம் பங்கில் சில முதியவர்கள் இந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். 1974இல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரே லயத்தில் பிறந்த அண்ணன் இங்கே, தம்பி அங்கே. அப்பன் ஒரு விண்ணப்பம், கட்டிக்கொடுத்த மகள் இன்னொரு விண்ணப்பம். மண்டபம் முகாமில் இறங்கியபோது அவர்கள் கையிலிருந்த தாளுக்குக் குடும்ப அட்டை என்று பெயர்! அப்படி வந்தவர்களில் பலர் குளிர் பழகியவர்கள் என்பதால் இந்த மலைக்கு ஏறினார்கள். மரம் வெட்டினார்கள், பட்டை உரித்தார்கள், காட்டுக்குள் குடிசை போட்டார்கள். அந்தக் குடிசைகளிலும் கல்யாணம் நடந்தது. நம் திருமணப் பதிவேட்டைப் புரட்டினால் தொழில் என்ற கட்டத்தில் 'கூலி', 'கூலி', 'கூலி' என்று பக்கம் பக்கமாக வருகிறது. பக்கத்தில் கைநாட்டு. இயற்கையில்லை என்று அவர்களிடம் யாரோ சொல்லியிருப்பார்கள், அவர்கள் கேட்கவில்லை.

அந்த இளைஞரோடு இன்னொரு நாள் உட்கார்ந்து பேசினேன். கடைசியில் விஷயம் வெளியே வந்தது. விடுதியில் வேலையாட்களுக்கு ஓர் அறை இருக்கிறது. எட்டுப் பேர், அடுக்குக் கட்டில். தனியாள் என்றால் இடம் உண்டு, குடும்பம் என்றால் வெளியே பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியே போய்க் கேட்டால், இருந்த வீடுகள் எல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்குப் போகின்றன. அவர் ஒரு மாதம் கொடுக்கக்கூடியதை அவர்கள் இரண்டு இரவில் கொடுத்துவிடுகிறார்கள். அவருக்கு மனதுக்குப் பிடித்த பெண் ஒருவர் இருக்கிறார். அதையும் அப்போதுதான் சொன்னார். எதிர்த்த விடுதியில் சமையலறை வேலை.

இரு வீட்டாரும் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த மாதம் முதல் ஓலை வாசிக்கலாம் என்று இருக்கிறோம். வீடுதான் இன்னும் அமையவில்லை. சமையலறையோடு ஓர் அறை இருந்தாலும் போதும் என்கிறார்கள். பங்கில் யாரிடமாவது மாத வாடகைக்குக் கொடுக்க இடம் இருந்தால், மாலைத் திருப்பலிக்குப் பின் என்னிடமோ உபதேசியாரிடமோ சொல்லுங்கள்.